சிறுபான்மையினர் ஓட்டு யாருக்கும் பட்டா போட்டுக் கொடுத்ததல்ல: ஸ்டார் கவுண்டியை முன்வைத்து ஒரு விவாதம்

சரவணன்_மெக்காலன்

தமிழில் வரும் அமெரிக்கத் தேர்தல் அலசல்களில் இன்னும் ஒரே கணக்குதான் ஓடுகிறது. வெள்ளையர் என்றால் குடியரசுக் கட்சி, மற்ற எல்லோரும் ஜனநாயகக் கட்சி. 2024 தேர்தலுக்குப் பிறகும் இந்தக் கணக்கை யாரும் திருத்தவில்லை. அதனால்தான் இந்தத் திரி.

நான் இருப்பது டெக்சாஸின் தெற்கு முனையில், ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெக்சிகோ. மேற்கே கொஞ்ச தூரம் காரில் போனால் ஸ்டார் கவுண்டி (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி). அங்கே நூற்றுக்கு 97 பேர் ஹிஸ்பானியர், அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்; லத்தீனோ என்றும் சொல்வார்கள். நூறாண்டுக்கும் மேலாக அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியைத் தவிர யாரையும் ஜெயிக்கவிடாத ஊர். 2016ல் ஹிலாரிக்கு 79 விழுக்காடு விழுந்தது. 2020ல் பைடனுக்கு அது 52ஆக இறங்கியது. 2024ல் டிரம்ப் ஏறத்தாழ 58 வாங்கி ஜெயித்தார். எல்லையோரமாக இருக்கும் வெப், ஹிடால்கோ, கேமரன், மேவரிக் கவுண்டிகளும் அதே தேர்தலில் கைமாறின. ஸபாட்டா 2020லேயே போய்விட்டது.

ஏன் என்று இங்கே யாரையாவது கேட்டால் முதலில் பேசுவது வேலையைப் பற்றித்தான். என்னோடு வேலை செய்யும் ஒரு நர்ஸின் அண்ணன் எல்லைக் காவல் படையில் இருக்கிறார். கணவர் மேற்கு டெக்சாஸ் எண்ணெய் வயல்களுக்கு இரண்டு வாரம், மூன்று வாரம் என்று போய் வருபவர். காலேஜ் படிக்காத ஒரு பையனுக்கு இந்த வட்டாரத்தில் கௌரவமான சம்பளம், இன்சூரன்ஸ், பென்ஷன் மூன்றும் சேர்ந்து கிடைப்பது அந்த எல்லைக் காவல் படையின் பச்சைச் சீருடையில்தான். "எல்லையில் கெடுபிடி வேண்டாம், பெட்ரோலியத்தைக் குறைப்போம்" என்று கலிஃபோர்னியாவில் ஒருவர் பேசினால், அது இங்கே ஒரு வீட்டின் இரண்டு சம்பளத்தையும் தொடுகிறது.

இன்னொன்று, இந்தக் குடும்பங்களில் பல 1848ல் இந்த நிலம் மெக்சிகோவிடமிருந்து அமெரிக்கா கைக்கு வருவதற்கு முன்பிருந்தே இங்கே இருப்பவை. ஆற்றைக் கடந்து நேற்று வந்தவரைத் தங்கள் ஆள் என்று இவர்கள் நினைத்தே ஆக வேண்டும் என்பது வெளியூர்க்காரர்களின் எதிர்பார்ப்பு.

என் வாதம் இதுதான்: ஓட்டைக் கணிக்க இனத்தைப் பார்க்காதீர்கள். வட்டாரத்தைப் பாருங்கள், பிழைப்பைப் பாருங்கள்.

மீனா_அட்லாண்டா

சரவணன், நீங்கள் எழுதியதில் ஸ்டார் கவுண்டி பற்றிய ஒரு வரியையும் மறுக்கவில்லை. ஆனால் அங்கே மொத்தமாக விழுந்த ஓட்டு பதினாறாயிரம் சொச்சம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்க்கலாம், பானை ஒன்றாக இருந்தால். இங்கே ஐம்பது பானை.

தென்மாநிலங்களுக்கு வாருங்கள். மிசிசிப்பி, அலபாமா, ஜார்ஜியா, தென் கரோலினா. இங்கே ஏழைக் கறுப்பினத்தவரும் டாக்டர், வக்கீல் கறுப்பினத்தவரும் ஒரே கட்சிக்குத்தான் போடுகிறார்கள். பக்கத்துப் பக்கத்து நிலத்தில் ஒரே பயிர் வைக்கும் கறுப்பு விவசாயியும் வெள்ளை விவசாயியும் ஒரே கட்சிக்குப் போடுவதில்லை. பிழைப்புதான் ஓட்டைத் தீர்மானிக்கிறது என்றால் இது எப்படி நடக்கும்?

இதற்கு வரலாறு இருக்கிறது. லிங்கன் கட்சி என்று 1932 வரை குடியரசுக் கட்சிக்கே பெரும்பாலான கறுப்பினத்தவர் ஓட்டுப் போட்டார்கள். 1936ல் ரூஸ்வெல்ட்டின் நிவாரணத் திட்டங்களுக்குப் பிறகு பெரிய திருப்பம். அப்போதும் கதவு முழுதாக மூடவில்லை. 1960ல் கூட நிக்சனுக்கு மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கறுப்பினத்தவர் ஓட்டு கிடைத்தது. கதவை அடைத்தது 1964. குடிமை உரிமைச் சட்டத்தை எதிர்த்து ஓட்டுப் போட்ட கோல்ட்வாட்டரைக் குடியரசுக் கட்சி வேட்பாளராக நிறுத்தியது. அவர் சொந்த அரிசோனாவைத் தவிர ஜெயித்த ஐந்து மாநிலங்களும் ஆழ்தெற்கில்தான். அந்த ஒரு தேர்தலில் இரண்டு இனமும் எதிரெதிர்த் திசையில் நகர்ந்தன.

அடுத்த வருஷமே வாக்குரிமைச் சட்டம். அதற்கு முன் மிசிசிப்பியில் ஓட்டுரிமை வயதுள்ள கறுப்பினத்தவரில் பதிவு செய்திருந்தவர்கள் 6.7 விழுக்காடு. இரண்டே ஆண்டில் அது 60ஐ நெருங்கியது. அப்படிப் பதிவு செய்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்று ஓட்டுப் போடுகிறார்கள். உங்கள் பள்ளத்தாக்கில் 1848 நினைவிருக்கிறது என்றால், இங்கே 1965 நினைவிருக்காதா?

தேன்மொழி_கோவை

வெளியிலிருந்து பார்ப்பவளாக ஒரு சந்தேகம். மிசிசிப்பியில் கறுப்பினத்தவர் 38 விழுக்காடு என்று படித்தேன். நம் ஊர்க் கணக்கில் 38 விழுக்காடு ஒரே கட்சிக்கு விழுந்தால் மாநிலமே அவர்கள் கையில். அங்கே ஏன் முடியவில்லை?

மீனா_அட்லாண்டா

நல்ல கேள்வி தேன்மொழி. நம் ஊரில் நான்கைந்து கட்சி ஓட்டைப் பிரிக்கும், 38 வைத்து ஜெயிக்கலாம். இங்கே இரண்டே கட்சி, 50ஐத் தொட வேண்டும். வெள்ளையர்களில் நாலில் ஒருவர் சேர்ந்தால் கூடப் போதும், எட்டிவிடலாம். அந்த நாலில் ஒருவர் கிடைப்பதில்லை. 1976ல் கார்ட்டருக்குப் பிறகு மிசிசிப்பியில் எந்த ஜனநாயகக் கட்சி அதிபர் வேட்பாளரும் ஜெயிக்கவில்லை.

சட்டமும் சேர்ந்துகொண்டது. 1890ல் எழுதிய அரசியல் சாசனப்படி, ஆளுநர் போன்ற மாநிலப் பதவிகளுக்கு அதிக ஓட்டு வாங்கினால் மட்டும் போதாது, மாநிலச் சட்டமன்றத் தொகுதிகளில் பாதிக்கு மேல் ஜெயித்திருக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் முடிவு சட்டமன்றத்தின் கையில். கறுப்பினத்தவர் நெருக்கமாகக் குறிப்பிட்ட தொகுதிகளில் வாழும் மாநிலத்தில் இந்த விதி யாரைத் தடுக்க வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. அதை நீக்கியது 2020 நவம்பரில்தான்.

இதையும் கேட்கிறேன். கறுப்பினத்தவர் 85 விழுக்காடு ஒரு பக்கம் போட்டால் அதற்கு "ஓட்டு வங்கி" என்று பெயர் வைக்கிறார்கள். வெள்ளை இவாஞ்செலிக்கல் கிறிஸ்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் டிரம்ப்புக்குப் போடுகிறார்கள். அதை ஏன் யாரும் அப்படிச் சொல்வதில்லை?

சரவணன்_மெக்காலன்

மேடம், கறுப்பினத்தவர் ஓட்டும் நகர்கிறது என்பதை ஏன் விட்டுவிட்டீர்கள்? வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து பியூ நிறுவனம் வெளியிட்ட ஆய்வில் 2020ல் பைடனுக்கு 92, டிரம்ப்புக்கு 8. 2024ல் ஹாரிஸுக்கு 83, டிரம்ப்புக்கு 15. கிட்டத்தட்ட இரட்டிப்பு. அதுவும் எதிரில் நின்றது ஒரு கறுப்பினப் பெண். அதே ஆய்வில் ஹிஸ்பானியர் 61க்கு 36 என்பதிலிருந்து 51க்கு 48 என்று வந்துவிட்டார்கள். ஆசியர் 70க்கு 30 என்பதிலிருந்து 57க்கு 40. எல்லாக் குழுவும் ஒரே திசையில். கதவு அடைத்தே கிடக்கிறது என்று நீங்கள் சொல்லும் இடத்திலும் ஆட்கள் வெளியே நடந்துகொண்டிருக்கிறார்கள்.

கணபதி_எடிசன்

இரண்டு பேருமே ஒரு தேர்தலை வைத்துக் கோட்டை கட்டுகிறீர்கள். எங்கள் நியூ ஜெர்சியைப் பாருங்கள்.

பஸ்ஸேய்க் கவுண்டி. டொமினிக்கர், பெரு நாட்டவர், மெக்சிகர், பாலஸ்தீனியர், வங்கதேசத்தவர் எல்லோரும் கலந்து வாழும் இடம். 2024ல் டிரம்ப் அங்கே ஜெயித்தார். 1992க்குப் பிறகு குடியரசுக் கட்சிக்கு அதிபர் தேர்தலில் அங்கே கிடைத்த முதல் வெற்றி. உடனே "லத்தீனோக்கள் நிரந்தரமாக மாறிவிட்டார்கள்" என்று ஊரெல்லாம் எழுதினார்கள். ஒரே வருஷம். 2025 நவம்பர் ஆளுநர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் மிக்கி ஷெரில் அதே பஸ்ஸேய்க்கை எடுத்துக்கொண்டார், அதுவும் நெருக்கமாக இல்லை.

மயாமியும் இப்படித்தான். மயாமி-டேட் கவுண்டியில் 2016ல் ஹிலாரி ஏறத்தாழ 30 விழுக்காட்டுப் புள்ளி முன்னணி. 2020ல் பைடனுக்கு 7. 2024ல் டிரம்ப் 11 புள்ளியில் ஜெயித்தார். இவ்வளவு வேகமான சரிவை நான் வேறு எந்தப் பெரிய கவுண்டியிலும் பார்த்ததில்லை. 2025 டிசம்பரில் மயாமி நகர மேயர் தேர்தல் வந்தது. கிட்டத்தட்ட முப்பது வருஷத்துக்குப் பிறகு ஜனநாயகக் கட்சிக்காரர் ஐலீன் ஹிக்கின்ஸ் ஜெயித்தார்.

என் வாடகை நாலு வருஷத்தில் ஏறிய ஏற்றம் எனக்குத் தெரியும். பஸ்ஸேய்க்கின் பேட்டர்சனில் இருப்பவருக்கும் அதேதான். 2024ல் ஆட்சியில் இருந்தவரைத் தண்டித்தார்கள், 2025ல் இப்போது ஆட்சியில் இருப்பவரைத் தண்டிக்கிறார்கள். இதில் இனமும் இல்லை, வட்டாரமும் இல்லை. மளிகைக் கடை பில்தான் இருக்கிறது.

மீனா_அட்லாண்டா

கணபதி சார், மளிகை பில் வெள்ளையருக்கும் அதேதானே? பிறகு ஏன் வெள்ளையர் ஓட்டு 2020க்கும் 2024க்கும் இடையில் பெரிதாக அசையவில்லை, ஹிஸ்பானியர் ஓட்டு மட்டும் இப்படி ஆடியது?

கணபதி_எடிசன்

மாதச் சம்பளத்தில் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போகிற பங்கு யாருக்கு அதிகமோ அவர்கள்தான் முதலில் ஆடுவார்கள். வெள்ளையர்களில் பெரும்பாலோர் சொந்த வீட்டில், பழைய வட்டி விகிதத்தில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறார்கள். அதோடு ஹிஸ்பானிய வாக்காளர்களில் இளையோர் அதிகம், முதல் முறை போடுபவர் அதிகம். கட்சிப் பழக்கம் இன்னும் இறுகவில்லை. ஆடத்தான் செய்யும்.

பரணி_டெட்ராய்ட்

நான் கொஞ்சம் வேறு இடத்திலிருந்து வருகிறேன். எனக்குப் பத்து நிமிஷத் தூரத்தில் டியர்பார்ன். அரபு வம்சாவளியினர் பாதிக்கு மேல் இருக்கும் நகரம். வாரன் அவென்யூவில் நடந்தால் கடைப் பலகைகள் பாதி அரபியில். தெற்கு லெபனானின் கிராமங்களிலிருந்து வந்த குடும்பங்கள் கிழக்கே, யேமனியர் தெற்கே ஃபோர்டு ரூஜ் கார் ஆலைப் பக்கம்.

2000ல் முஸ்லிம் அமைப்புகளின் கூட்டணி வெளிப்படையாக ஜார்ஜ் புஷ்ஷை ஆதரித்தது. காட்டாத ரகசியச் சாட்சியத்தை வைத்து ஆட்களை நாடு கடத்தும் வழக்கத்தை விவாத மேடையில் அவர் எதிர்த்தார் என்பது ஒரு முக்கியக் காரணம். 2001 செப்டம்பருக்குப் பிறகு வந்த கண்காணிப்பும் ஈராக் போரும் அந்த ஓட்டை முழுதாக ஜனநாயகக் கட்சிப் பக்கம் தள்ளின. 2020ல் டியர்பார்னில் பைடனுக்குப் பத்துக்கு ஏழு.

ஜனநாயகக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் 2024 பிப்ரவரி முன்தேர்தலில் காஸா போருக்கு எதிராக மிச்சிகனில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் "யாருக்கும் உறுதியில்லை" என்று போட்டார்கள். மிரட்டல் என்று அதைச் சொல்ல முடியாது, முன்கூட்டியே கொடுத்த எச்சரிக்கை அது. ஆகஸ்டில் ஜனநாயகக் கட்சியின் சிகாகோ மாநாட்டு மேடையில் ஒரு பாலஸ்தீன அமெரிக்கருக்குச் சில நிமிஷம் பேச இடம் கேட்டார்கள். கொடுக்கவில்லை. அதற்காகக் கட்சிக்காரர்களே மண்டபத்துக்கு வெளியே இரவு முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். நவம்பரில் டியர்பார்ன் முடிவு: டிரம்ப் 42, ஹாரிஸ் 36, பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைன் 18.

அதே ஓட்டுச் சீட்டில், அதே ஊர், அதே ஜனநாயகக் கட்சியின் ரஷீதா தலைபைப் பெரும்பான்மையோடு நாடாளுமன்றத்துக்கு மறுபடி அனுப்பியது. இவர்கள் கட்சியை விட்டுப் போகவில்லை. ஒரு வேட்பாளருக்குத் தர மறுத்தார்கள். இது மளிகை பில் இல்லை கணபதி அண்ணா. சொந்தக்காரர்களின் வீடு இடிவதைக் கைபேசியில் பார்த்துக்கொண்டே ஓட்டுச் சாவடிக்குப் போனவர்கள்.

சரவணன்_மெக்காலன்

பரணி சொன்னது என் பக்கத்துக்கு வலு. இந்தப் பகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் ஹென்றி குவேயர் விஷயத்திலும் அதே கதைதான். 2024ல் டிரம்ப் ஜெயித்த தொகுதியில் ஜனநாயகக் கட்சிக்காரரான அவர் மறுபடி ஜெயித்தார். வாக்காளர் ஆளைப் பார்த்துப் போடுகிறார்கள். இன முத்திரை குத்தி அவர்களை மந்தையாக்காதீர்கள்.

மீனா_அட்லாண்டா

வலுவா? உங்கள் வாதத்துக்கு நேர் எதிர் அது. டியர்பார்னில் கார் கம்பெனித் தொழிலாளியும் பெட்ரோல் பங்க் முதலாளியும் இதயநோய் டாக்டரும் ஒரே தேர்தலில் ஒரே காரணத்துக்காகக் கட்சியை விட்டு விலகினார்கள். பிழைப்பு வேறு வேறு, ஓட்டு ஒன்று. அது ஒரு சமூகம் சமூகமாக எடுத்த முடிவு. திசை மாறியது என்பதற்காகச் சமூகம் கலைந்துவிட்டது என்று ஆகாது.

ஜார்ஜியாவில் நான் தேர்தல் வேலை பார்த்திருக்கிறேன். முன்கூட்டி ஓட்டுப் போடும் நாட்களில் ஞாயிற்றுக்கிழமை சர்ச் வழிபாடு முடிந்ததும் வேன்கள் வரிசையாக வரும். ஒரு பெரியவர் ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு பழைய நோட்டோடு வருவார். அவர் தெருவில் இருக்கும் குடும்பங்களின் பெயர்கள் அதில் எழுதியிருக்கும். வேனிலிருந்து இறங்குபவரைப் பார்த்துப் பார்த்து டிக் போடுவார். பெயர் விடுபட்டால் அன்று மாலை அந்த வீட்டுக் கதவைத் தட்டுவார். அந்த நோட்டு இருக்கும் வரை அந்தத் தெருவின் ஓட்டு சிதறாது. ரஃபேல் வார்னாக் எபனேசர் பாப்டிஸ்ட் சர்ச்சின் போதகர். 2021 ஜனவரி இரண்டாம் சுற்றுத் தேர்தலில் அவர் செனட்டுக்குப் போனது இந்த நோட்டுகளால்தான்.

அதனால்தான் அடுத்த மாதங்களிலேயே மாநிலச் சட்டமன்றத்தில் ஞாயிறு வாக்களிப்பைச் சுருக்கும் யோசனை வந்தது. எதிர்ப்பில் அதைக் கைவிட்டார்கள். ஆனால் நிறைவேறிய சட்டம் சாவடி வரிசையில் நிற்பவருக்குத் தண்ணீர் கொடுப்பதைக் கூடக் குற்றமாக்கியது. சட்டம் எழுதுபவர்களே இவர்களை ஒரு குழுவாகப் பார்த்து எழுதும்போது, இனத்தை மறந்துவிட்டு ஓட்டைப் பாருங்கள் என்று எங்களுக்கு மட்டும் ஏன் புத்திமதி?

ஜெயந்தி_ஆரஞ்ச்கவுண்டி

"ஆசியர் 57க்கு 40" என்று சரவணன் போட்டிருக்கிறார். அந்த எண்ணுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

நான் இருப்பது கலிஃபோர்னியாவின் வெஸ்ட்மின்ஸ்டர் பக்கம், லிட்டில் சைகான். 1975ல் சைகான் விழுந்த பிறகு வந்த குடும்பங்கள். இன்றும் கடை வாசல்களில் பறப்பது மஞ்சளில் மூன்று சிவப்புக் கோடு போட்ட தெற்கு வியட்நாம் கொடி. 1999ல் ஒரு வீடியோ கடைக்காரர் ஹோ சி மின் படத்தைக் கடையில் மாட்டியதற்காக வாரக்கணக்கில் ஆயிரக்கணக்கானோர் வாசலில் திரண்டு நின்றார்கள். அந்தத் தலைமுறைக்குக் கம்யூனிச எதிர்ப்புதான் அரசியல், அதனால் குடியரசுக் கட்சி. மயாமி கியூபர்களுக்கும் இவர்களுக்கும் மொழி, மதம், நிறம் எதுவும் ஒட்டாது. ஓட்டு மட்டும் ஒட்டும். எந்த ஆட்சியிலிருந்து ஓடி வந்தார்கள் என்பதே இங்கே முதல் கேள்வி.

அடுத்த தலைமுறையில் அது தளர்கிறது. 2024ல் இதே பகுதியில் அகதிப் பெற்றோரின் மகன் டெரெக் டிரான், ஜனநாயகக் கட்சிக்காக, கொரிய அமெரிக்கரான மிஷெல் ஸ்டீலை 653 ஓட்டில் தோற்கடித்தார். நாடே வலப்பக்கம் சாய்ந்த வருஷத்தில்.

ஹவாயைப் பாருங்கள். ஜப்பானியத் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள், துறைமுகச் சங்கம், போரிலிருந்து திரும்பிய வீரர்கள் சேர்ந்து 1954ல் குடியரசுக் கட்சியிடமிருந்து சட்டமன்றத்தைப் பிடித்தார்கள். அன்றிலிருந்து பெரும்பாலும் ஜனநாயகக் கட்சிதான். அவர்களும் ஆசியர், இவர்களும் ஆசியர்.

நம்மவர்களையும் சொல்லிவிடுகிறேன். கார்னகி ஆய்வின்படி 2020ல் இந்திய அமெரிக்கர்களில் பைடனுக்குப் போட இருந்தவர்கள் 72 விழுக்காடு. 2024ல் ஹாரிஸுக்கு 61. ஷ்யாமளா கோபாலனின் மகளான அதே ஹாரிஸ் போட்டியிட்டபோதுதான் இந்த இறக்கம். அவர் பூர்வீக ஊரான துளசேந்திரபுரத்தில் பூஜை நடந்த அளவுக்கு, இந்தியர் நிறைய வாழும் எடிசனிலும் ஃப்ரிஸ்கோவிலும் ஓட்டு விழவில்லை. வேட்பாளரின் வம்சாவளியே ஓட்டு கொண்டுவந்துவிடும் என்ற நினைப்பை அது உடைத்துவிட்டது.

செல்வா_சார்லட்

மீனா அக்கா, தெற்கில் இனம்தான் ஓட்டு என்கிறீர்கள். அதே தெற்கில், எங்கள் வட கரோலினாவில் ரோப்ஸன் கவுண்டி இருக்கிறது. லம்பி பூர்வகுடிகள்தான் அங்கே பெரிய குழு, கூடவே கறுப்பினத்தவரும் வெள்ளையரும். 1958 ஜனவரியில் வெள்ளை இனவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளான் அங்கே மாக்ஸ்டன் பக்கத்து வயலில் கூட்டம் போட்டபோது, நூற்றுக்கணக்கான லம்பியர் துப்பாக்கியோடு வந்து, விளக்கைச் சுட்டு அணைத்து, கிளான்காரர்களை இருட்டில் விரட்டியடித்தார்கள். இனவெறியை நேருக்கு நேர் பார்த்த சமூகம்.

அந்தக் கவுண்டி 2012ல் ஒபாமாவுக்கு, 2016ல் டிரம்ப்புக்கு. 2020ல் டிரம்ப்புக்கு இன்னும் கூடுதலாக, 2024ல் அதற்கும் மேல். 1956ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அவர்களைப் பழங்குடி என்று பெயரளவில் ஏற்றுக்கொண்டு, பழங்குடிக்கான சலுகைகள் கிடையாது என்று அதே சட்டத்தில் எழுதியது. முழு அங்கீகாரம் கேட்டுப் பல தலைமுறை போராட்டம். 2020 அக்டோபரில் டிரம்ப் லம்பர்டனுக்கே வந்து அந்த அங்கீகாரத்தை ஆதரிப்பதாகச் சொன்னார். பைடனும் ஆதரித்தார், ஆனால் நேரில் வந்து நின்றவர் டிரம்ப். ஜவுளி ஆலைகள் மூடிய ஊர், பாப்டிஸ்ட் சர்ச், துப்பாக்கி, கருக்கலைப்பு எதிர்ப்பு, எல்லாமும் சேர்ந்துகொண்டன.

இதற்கு நேர்மாறாக அரிசோனாவின் நவஹோ பகுதி. 2020ல் பைடன் அந்த மாநிலத்தை 10,457 ஓட்டில் ஜெயித்தார், அப்பாச்சி கவுண்டியில் மட்டும் மூன்றில் இரண்டு பங்கு அவருக்கு. இரண்டு பேரும் பூர்வகுடிகள்தான். ஒருவர் பாறைப் பாலைவனத்தில் சொந்த அரசு வைத்திருப்பவர், இன்னொருவர் 2025 டிசம்பர் வரை முழு அங்கீகாரம் கேட்டு நின்றவர். வட்டாரம்தான் வித்தியாசம்.

மீனா_அட்லாண்டா

செல்வா, நீங்களே சொல்லிவிட்டீர்கள். லம்பியர் கேட்டது என்ன? ஒரு பழங்குடியாக அங்கீகாரம். அதைவிடச் சமூகக் கோரிக்கை வேறென்ன இருக்கிறது? அவர்கள் தனித்தனி ஆளாகச் சந்தைக்குப் போகவில்லை, மொத்தமாகப் பேரம் பேசினார்கள். கறுப்பினத்தவர் 1936லும் 1964லும் செய்ததும் அதுவே.

வட்டாரத்துக்கு வேலை இல்லை என்று நான் எங்கும் சொல்லவில்லை. ஒரு சமூகத்துக்கு எது உயிர்ப் பிரச்சினை என்பதை வட்டாரம் தீர்மானிக்கும். ஸ்டார் கவுண்டியில் எல்லை வேலை, டியர்பார்னில் போர், ரோப்ஸனில் அங்கீகாரம், இங்கே ஓட்டுரிமை. ஆனால் சரவணன் சொல்வது அதுவல்ல. சமூகம் என்ற கணக்கே வேண்டாம் என்கிறார். அங்கேதான் சண்டை.

சரவணன்_மெக்காலன்

சமூகம் வேண்டாம் என்று சொல்லவில்லை மேடம். "ஹிஸ்பானியர்" என்ற பெட்டியே நாடு முழுக்க ஒரு சமூகம் இல்லை என்கிறேன். 1994ல் கலிஃபோர்னியாவில் ஆவணமில்லாதவர்களுக்குப் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் மறுக்கும் 187ஆம் முன்மொழிவு மக்கள் வாக்கெடுப்பில் 59 விழுக்காடு ஆதரவோடு ஜெயித்தது. ஆளுநர் பீட் வில்ஸன் அதை வைத்தே தேர்தல் நடத்தினார். அதற்குக் கோபப்பட்டுக் குடியுரிமை எடுத்து வரிசையில் நின்ற லத்தீனோக்கள் அந்த மாநிலத்தையே மாற்றினார்கள். அதே காலத்தில் டெக்சாஸ் ஆளுநராக இருந்த புஷ் அப்படி எதுவும் செய்யவில்லை, ஸ்பானிஷில் விளம்பரம் செய்தார், 2004ல் நாடு முழுக்க ஹிஸ்பானியர் ஓட்டில் ஏறத்தாழ 40 விழுக்காடு வாங்கினார். லாஸ் ஏஞ்சலஸ்காரரின் காயம் டெக்சாஸ் எல்லையிலுள்ள லரேடோக்காரருக்கு இல்லை. அதைத்தான் சொல்கிறேன்.

கறுப்பினத்தவருக்கு நாடு முழுக்க ஒரே காயம் இருந்தது. அதனால் ஒரே ஓட்டு. அந்த அளவுகோலைத் தூக்கி எல்லோர் மேலும் வைக்கிறீர்கள்.

பரணி_டெட்ராய்ட்

சரவணன் கடைசியாக எழுதிய இரண்டு வரி சரி. ஆனால் அதற்குள் ஒரு ஆபத்து இருக்கிறது. காயம் இல்லாத இடத்தில் புதுக் காயம் வரலாம். 2025ல் நடந்த குடியேற்றச் சோதனைகளில் வேலையிடங்களிலிருந்து ஆட்களைப் பிடித்துப் போனார்கள். கட்டட வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று உங்கள் பள்ளத்தாக்கிலேயே ஒப்பந்தக்காரர்கள் புலம்பினார்களே.

சரவணன்_மெக்காலன்

புலம்பினார்கள், உண்மை. என் தெருவில் பாதி கட்டிய வீடு ஒன்று மாதக்கணக்கில் அப்படியே நிற்கிறது. மேஸ்திரி டிரம்ப்புக்கு ஓட்டுப் போட்டவர். "குற்றவாளிகளைப் பிடிப்பார்கள் என்றுதான் நினைத்தேன், கூரை போடுகிறவனைப் பிடிப்பார்கள் என்று நினைக்கவில்லை" என்கிறார். அவர் அடுத்த முறை யாருக்குப் போடுவார் என்று கேட்டேன். ஜனநாயகக் கட்சி எங்களுக்கு என்ன செய்தது என்று திருப்பிக் கேட்டார். அவர் இரண்டு பேர் மேலும் கோபமாக இருக்கிறார்.

கணபதி_எடிசன்

அந்த மேஸ்திரிதான் பஸ்ஸேய்க். அவ்வளவுதான் நான் சொன்னது.

மீனா_அட்லாண்டா

அவரைப் போன்றவர்கள் மேல் யார் பந்தயம் கட்டியிருக்கிறார்கள் தெரியுமா? 2025 ஆகஸ்டில் டெக்சாஸ் சட்டமன்றம் காங்கிரஸ் தொகுதிகளை, அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குக் காத்திராமல், இடையில் மறுபடி வரைந்தது. குடியரசுக் கட்சிக்கு இன்னும் ஐந்து இடம் என்பது குறி. அப்படி வரைந்தவற்றில் பெரும்பாலானவை ஹிஸ்பானியர் அதிகமுள்ள தொகுதிகள். இனத்தை வைத்து வரைந்தது என்று எல் பாஸோவில் மூன்று நீதிபதிகள் அமர்வு நவம்பரில் தடுத்தது, டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்திவைத்து வரைபடத்தை அனுமதித்தது. 2024ல் டிரம்ப்புக்கு வந்த ஹிஸ்பானியர் 2026லும் அங்கேயே இருப்பார்கள் என்பதுதான் அந்த வரைபடத்தின் அஸ்திவாரம். குவேயர் தொகுதியும் அதற்குள் இருக்கிறது.

அலபாமாவில் இதன் மறுபக்கம். நாலில் ஒரு பங்குக்கு மேல் கறுப்பினத்தவர் இருக்கும் மாநிலத்தில் ஏழில் ஒரே ஒரு தொகுதிதான் அவர்களுக்கு வாய்ப்புள்ளதாக வரைந்திருந்தார்கள். 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் அது வாக்குரிமைச் சட்டத்துக்கு எதிர் என்றது. நீதிமன்றம் வரைந்த புதுத் தொகுதியில் 2024ல் ஷோமாரி ஃபிகர்ஸ் ஜெயித்து வாஷிங்டன் போனார். அந்தக் கறுப்பினத்தவர் சிதறாமல் போடுகிறார்கள் என்று எண்களோடு நிரூபித்ததால்தான் வழக்கே நின்றது. ஓட்டு சிதறினால் அந்தச் சட்டப் பாதுகாப்பும் கிடைக்காது. கறுப்பினத்தவர் ஏன் சேர்ந்தே நிற்கிறார்கள் என்பதற்கு இதையும் கணக்கில் சேருங்கள்.

சரவணன்_மெக்காலன்

சரி, அலபாமாவுக்கு அதை ஒத்துக்கொள்கிறேன், அங்கே அது பிழைப்பைவிடப் பெரிய விஷயம். டெக்சாஸ் வரைபடத்தைப் பற்றி எனக்கும் உங்களுக்கும் ஒரே முடிவுதான், காரணம் வேறு. ஐந்து இடம் உறுதி என்று நினைப்பவர்கள், பத்து வருஷத்துக்கு முன் இந்தப் பள்ளத்தாக்கு எங்களுடையது என்று நினைத்த ஜனநாயகக் கட்சிக்காரர்கள் உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். 2026 நவம்பரில் இந்தப் பகுதியின் 28ஆம், 34ஆம் காங்கிரஸ் தொகுதி முடிவுகளைச் சாவடி வாரியாக எடுத்து இங்கேயே போடுகிறேன். எக்ஸிட் போல் வேண்டாம். பெரும்பாலும் ஆங்கிலத்தில் கேட்டு, நாடு முழுக்கச் சில சாவடிகளில் எடுத்த கணக்கை வைத்து ஸ்டார் கவுண்டியின் ரோமா ஊர்க்காரர் மனத்தை அறிய முடியாது.

தேன்மொழி_கோவை

ரோப்ஸன் கவுண்டியையும் சேர்த்துப் போடுங்கள் செல்வா. அங்கே அங்கீகாரம் விஷயம் முழுதாக முடிந்த பிறகும் அதே ஓட்டு நிற்கிறதா என்று தெரிந்துகொள்ள ஆசை.

செல்வா_சார்லட்

பெம்பிரோக் ஊரின் சாவடிகளைத் தனியாகப் பிரித்துப் போடுகிறேன், லம்பியர் அங்கேதான் அதிகம். மாநிலத் தேர்தல் வாரியம் சாவடி வாரி எண்களை வெளியிடும். பொது ஓட்டோடு ஷெரிஃப், கவுண்டி கமிஷனர் ஓட்டையும் பக்கத்தில் வைத்தால்தான் படம் முழுதாகத் தெரியும்.